வாக்குமூலம் சேவ் ஆகவில்லை

பதினோரு பக்கம். திரையில் இருந்தது. வேறெங்கும் இல்லை.

டைப்பிஸ்ட் அக்காவுக்கு வீட்டின் பின்னறைதான் ஆபீஸ். கட்டிலுக்கும் அலமாரிக்கும் இடையில் ஒரு மேஜை, அதன் மேல் தலையணை உறையை முக்காடாகப் போட்டுக்கொண்ட ஒரு கணினி. மனு, புகார், ராஜினாமா, மன்னிப்புக் கடிதம் என்று அதிகாரத்திடம் பேச வேண்டிய தெருக்காரர்கள் எல்லோரும் அவருடைய விரல்கள் வழியாகத்தான் பேசினார்கள். இருபத்திரண்டு வருடத்தில் ஒருவருடைய ரகசியத்தையும் அவர் வெளியே விட்டதில்லை. நல்ல மனசு ஒரு காரணம். டைப் அடிக்கும்போது அர்த்தம் பார்க்கிற வழக்கம் இல்லாதது அதைவிடப் பெரிய காரணம்.

அன்று பார்த்துவிட்டார்.

வந்தவள் பக்கத்துத் தெரு நர்ஸ். வார்டில் ஒரு நோயாளிக்குத் தவறான ஊசி போடப்பட்டிருந்தது. போட்டது அவளல்ல. ஆனால் மறுநாள் பதிவேட்டில் நேரத்தைத் திருத்தி அவளிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். இப்போது அவள் சஸ்பென்ஷனில் இருந்தாள். விசாரணைக் குழுவிடம் மாலை நாலு மணிக்குள் வாக்குமூலத்தைக் கொடுக்க வேண்டும். நிறுத்தி நிறுத்தி, சுவரைப் பார்த்து, இரண்டரை மணி நேரம் சொன்னாள். இடையில் அக்கா ஒருமுறை மவுஸைத் தொட்டதற்கே அவள் வாயடைத்துப் போனாள். அதற்குப் பிறகு அக்கா விசைப்பலகையைத் தவிர எதையும் தொடவில்லை. சேவ் பண்ணவும் இல்லை.

முடித்ததும் அவள் சொன்னது ஒன்றுதான்.

"இன்னொரு தடவை சொல்லச் சொல்லாதீங்கக்கா. என்னால ஆகாது."

குழந்தையைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்துவிட்டு மூன்று மணிக்கு வருவதாகச் சொல்லிப் போனாள். அவள் செருப்புச் சத்தம் படியிறங்கியதும் அக்கா சேவ் அழுத்தினார்.

இது செல்லாத பெயர் என்றது கணினி.

பெயர் மரியாதைக் குறைவாக இருக்கிறதோ என்று அக்காவுக்குத் தோன்றியது. 'வாக்குமூலம்' என்பதை 'வாக்குமூலம் இறுதி' என்றாக்கினார். செல்லாது. 'வாக்குமூலம் இறுதி சரிபார்த்தது' என்றாக்கினார். அதுவும் செல்லாது. பதவி ஏற ஏற வேலை நடக்காத இடங்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார் என்றாலும், தன் வீட்டிலேயே அதை எதிர்பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மின்விசிறி ஒரு கணம் தயங்கிவிட்டுச் சுற்றியது. மின்சாரம் போனால் தாங்குவதற்கென்று மேஜைக்கடியில் ஒரு பேட்டரிப் பெட்டி உண்டு. அது போன வருடமே காலாவதியாகி, இப்போது கால் வைத்துக்கொள்ளத்தான் உதவிக்கொண்டிருந்தது.

வாசலில் கணவர் வந்து நின்றார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். உலகத்தில் எந்த இயந்திரம் மக்கர் பண்ணினாலும் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று.

"எதுக்கும் ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாரேன்."

"நீங்க அங்கேயே நில்லுங்க."

"இல்ல, பஸ்ஸே அப்படித்தான்..."

"ஒரு அடி எடுத்து வெச்சீங்க, நடக்கிறதே வேற."

முப்பத்தோரு வருடக் குடித்தனத்தில் அந்தக் குரலை அவர் கேட்டதில்லை. அங்கேயே நின்றார். அக்கா நாற்காலியைச் சுவர்ப்பக்கம் இழுத்துப் போட்டு, சுவிட்சை முதுகால் மறைத்துக்கொண்டு, கணினி ரிப்பேர்காரருக்குப் போன் போட்டார்.

ரிப்பேர்காரர் வேறொரு வீட்டில் ஏதோ கணினியின் வயிற்றைத் திறந்து வைத்திருந்தார். கணினி தானாகவே சேமித்து வைத்திருக்குமே என்றார். தானாக எதையும் செய்யக்கூடாது என்று அந்த வசதியைத் தாமே அணைத்துவிட்டதை அக்கா ஒப்புக்கொண்டார். மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. எங்கே சேவ் பண்ணுகிறீர்கள், மேலே இருக்கிற வரியை அப்படியே படியுங்கள் என்றார் அவர்.

அக்கா படித்தார். 'முக்கியம்' என்ற ஃபோல்டர். அதற்குள் 'மிக முக்கியம்'. அதற்குள் 'யாரும் தொட வேண்டாம்'. அதற்குள் 'உண்மையாகவே தொட வேண்டாம்'. அதற்குள் 'வாடிக்கையாளர்கள் சொன்ன ரகசியங்கள்'. அதற்குள் 'இங்கே வந்துவிட்டீர்கள் என்றால் தயவுசெய்து திரும்பிப் போகவும்'. அவர் இன்னும் படித்துக்கொண்டிருந்தார். ரிப்பேர்காரர் சிரிக்க ஆரம்பித்தார், பிறகு பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"அக்கா, திருடன் வந்தாக்கூட களைச்சுப் போயிடுவான். ஃபோல்டர் பேரெல்லாமும் ஃபைல் பேரும் சேர்ந்து இருநூத்தம்பது எழுத்துச் சொச்சம் தாண்டினா அது ஏத்துக்காது. தமிழ்ல கொம்பு, கால், புள்ளி எல்லாத்தையும் தனித்தனியா எண்ணும். நீங்க ஒளிச்சு ஒளிச்சு, ஒளிக்கவே இடமில்லாமப் பண்ணிட்டீங்க."

டெஸ்க்டாப்பில் போடுங்கள், ஒரே எழுத்தில் பெயர் வையுங்கள் என்றார் அவர்.

டெஸ்க்டாப் என்றால் கணினியைத் திறந்தவர் கண்ணில் முதலில் படுகிற இடம். மருமகள் வருவாள், மாடி வீட்டுக்காரர் டிக்கெட் எடுக்க வருவார். ஒரு பெண்ணின் வேலையையும் மானத்தையும் நட்டநடு வாசலில் வைப்பதா? அக்கா கேட்டார். வைக்காவிட்டால் அது எங்கேயும் இருக்காது என்றார் ரிப்பேர்காரர்.

விசிறி மறுபடி தயங்கியது. இந்த முறை நிற்கவே போனது.

அக்கா 'அ' என்று தட்டி, கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார்.

திறந்து பார்த்தபோது திரை எதுவும் சொல்லவில்லை. கணினி எதுவும் சொல்லாமல் இருந்தால்தான் நல்ல செய்தி என்பதை நம்ப அவருக்குச் சிறிது நேரம் பிடித்தது. மூன்று முறை மூடித் திறந்தார். பதினோரு பக்கமும் இருந்தன. அதன் பிறகுதான் கணவருக்கு உட்கார அனுமதி கிடைத்தது.

மூன்றே காலுக்கு நர்ஸ் வந்தாள். நடந்ததில் ஒரு வார்த்தையும் அக்கா அவளிடம் சொல்லவில்லை. நர்ஸ் திரையில் படித்துக்கொண்டே வந்தாள். ஒன்பதாம் பக்கத்தில் நின்றாள். 'மேலதிகாரி ஒருவர் திருத்தச் சொன்னார்' என்று இருந்தது. காலையில் அந்த இடத்தில்தான் அவள் நெடுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த 'ஒருவர்' வேணாம்க்கா. பேரைப் போட்டுடுங்க."

"யோசிச்சுச் சொல்லும்மா."

"யோசிச்சா சொல்ல மாட்டேன். போட்டுடுங்க."

பெயரைச் சொன்னாள். அக்கா அடித்தார். நாலெழுத்துப் பெயர்தான், அதில் மூன்று முறை பிழை விட்டார். பிழை விடுவது அவருக்கு வழக்கமில்லை. அந்தப் பெயருடையவர் போன மாதம்தான் அக்காவின் கணவருக்கு ரத்த அழுத்த மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்.

சேவ் ஆனது. பதினோரு பக்கமும் அச்சாகி வந்தன. நர்ஸ் ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டாள். கடைசிக் கையெழுத்து காகிதத்தைக் கிழித்துவிடும் போலிருந்தது. டிரைவர் ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, தாமே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னார்.

படியில் இறங்கப் போன நர்ஸ் திரும்பினாள். தன் வேலை முடிந்ததும் வாடிக்கையாளர்கள் கணினியில் இருப்பதை அழிக்கச் சொல்வதுதான் வழக்கம். அக்கா அதற்குத் தயாராக மவுஸைப் பிடித்திருந்தார். அழித்துவிட்டால் நிம்மதி.

"அது உங்ககிட்ட இருக்கட்டும்க்கா. இந்தக் காகிதத்தை வழியிலயே பயந்து நானே கிழிச்சாலும் கிழிப்பேன்."

ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் கரைந்தது. அக்கா போய் வாசல் கதவைத் தாழிட்டார். திரும்பி வந்து ஜன்னலையும் சாத்தினார். நாலு மணி ஆக ஐந்து நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது. கணவர்தான். எப்போதும் போனில் கத்துகிறவர் அன்று குசுகுசுவென்று பேசினார்.

"வாசல்லயே நிக்கிறா. உள்ள போகல. நான் என்ன பண்ண?"

அக்கா திரையைப் பார்த்தார். நட்டநடுவில் ஒற்றை எழுத்து.

"பதினோரு பக்கமும் இங்க பத்திரமா இருக்குன்னு அவகிட்ட சொல்லுங்க. கிழிச்சாலும் நானே கொண்டுவந்து குடுப்பேன்னு சொல்லுங்க" என்றார்.

கணவர் அதை அவளிடம் சொல்வது போனில் கேட்டது. பிறகு அந்த வாசல் கதவு திறக்கும் ஓசை.