எங்கள் ஜாகீர் வந்த வழி

ஆம்பூருக்கு மேற்கே பாலாற்றங்கரையில் எங்களுக்கு நாற்பது காணி நிலமும் ‘ஜாகீர்தார்’ என்ற பட்டமும் இருந்தன. நிலத்தைவிடப் பட்டத்தின்மேல்தான் அப்பாவுக்குப் பிரியம் அதிகம். செய்த சேவைக்காக அரசன் எழுதிக்கொடுக்கும் நிலம் ஜாகீர், அதை ஆள்பவர் ஜாகீர்தார் என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்குவார். என்ன சேவை என்று கேட்டுவிட்டால் போதும், ஏலகிரிக் காட்டில் நவாபின்மேல் பாய்ந்த புலியை எங்கள் முன்னோர் ஈட்டியால் குத்திய கதை வரும். வருஷத்துக்கு வருஷம் அந்தப் புலி வளர்ந்துகொண்டே போனது.

எனக்கு ஒன்பது வயதில் அந்த நிலத்துக்கு வழக்கு வந்தது. தலைமுறை தலைமுறையாக அதை உழுதுவந்த குடும்பத்துக் கிழவர், அது தன் பாட்டன் பூமி என்று வேலூர்க் கோர்ட்டில் பிராது கொடுத்துவிட்டார். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறவன் என்று அப்பா கொதித்தார். எங்களுக்கு இருந்த ஒரே ஆதாரம் பெட்டியில் கிடந்த பாரசீகப் பட்டயம். வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவர் யாருமில்லை. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பது மட்டும் தவறியதில்லை.

வக்கீல் அதைத் தமிழில் கேட்டார். தோல் மண்டியில் கடிதம் எழுதிக்கொடுக்கும், பாரசீகம் தெரிந்த முன்ஷியை அப்பா வீட்டுக்கே வரவழைத்தார். புலிக் கதையை எல்லோரும் கேட்கட்டும் என்று உறவுக்கெல்லாம் சொல்லியனுப்பி, கூடத்தில் ஜமக்காளம் விரித்து, லட்டும் பிடிக்கச் சொன்னார். பெண்கள் கதவுக்குப் பின்னால் இருந்தோம். நான் அத்தை மடியில்.

முன்ஷி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு தரம் மனதுக்குள் படித்தார்.

“ஐயா, இத்த நீங்களும் நானும் தனியா ஒக்காந்து பாக்கலாமே.”

“எல்லாரும் கேக்கத்தானே கூப்ட்டிருக்கேன். கணீர்னு படிங்க சாயபு,” என்றார் அப்பா.

அவர் படித்தார். புலி வரவே இல்லை. நவாபுக்குக் கப்பம் கட்ட மறுத்து மலையில் ஒளிந்திருந்தவன் ஒருவன். அவனைச் சொந்தத் தம்பியே வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டுப் பிடித்துக் கொடுத்திருக்கிறான். அண்ணன் தலை போயிற்று. அந்தச் சேவைக்காக அண்ணனுடைய நாற்பது காணி தம்பிக்கு, கூடவே பட்டமும்.

சாப்பிடக் கூப்பிட்டா பிடித்துக் கொடுப்பார்கள்? வாயிலிருந்த லட்டைக் கையில் துப்பிக்கொண்டேன்.

ஆண்கள் முன்னால் வராத அத்தை என்னை இறக்கிவிட்டுவிட்டுக் கதவைத் தாண்டிப் போனாள்.

“அந்த அண்ணனோட புள்ளைங்க இன்னா ஆனாங்க?”

முன்ஷி கடைசி இரண்டு வரிகளில் விரலை வைத்தார். “அதுவும் எழுதிருக்கும்மா. அதே நெலத்துல ஏர் ஓட்டிப் பொழச்சிக்கட்டும்னு.”

அப்பா முன்ஷியிடம், “அந்த ரெண்டு வரிய உட்டுட்டு எழுத முடியுமா?” என்று கேட்டார்.

“உள்ளது உள்ளபடிதான் எழுதுவேன் ஐயா.”

உள்ளபடியே கோர்ட்டுக்குப் போயிற்று. நிலம் யாருக்குக் கொடுக்கப்பட்டது என்றுதான் கோர்ட்டு பார்த்தது. ஏன் என்று பார்க்கவில்லை. நாங்கள் ஜெயித்தோம். வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

மார்கழிக் கடைசியில் அந்தக் கிழவர் இறந்துபோனதாகச் செய்தி வந்தது. அப்பா கிணற்றடிக்குப் போய், கட்டிய வேட்டியோடு தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்தார்.

“நமக்குத் தீட்டு. இந்த வருஷம் பொங்கல் கெடயாது.”

பங்காளி செத்தால்தான் தீட்டு என்பது எனக்குக்கூடத் தெரியும். கோர்ட்டில் நம்மை எதிர்த்தவர் செத்தால் நமக்கு என்ன தீட்டு? “அவரு நமக்கு யாருப்பா?” என்று கேட்டேன். அதுவரை என்மேல் கை வைத்திராத அப்பா பளாரென்று அறைந்தார். பிறகு அவரே அழுதார்.

நிலத்தை அப்பா கடைசிவரை விடவில்லை. எனக்கோ எடுத்துவைத்த புதுப்பாவாடையைக் கட்ட முடியவில்லையே என்ற ஆத்திரம். பொங்கலன்று முழுக்க அந்தக் கிழவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.