மலைக்கு முன்னால் கட்டிய துணி

என் மாமனாருக்கு என்மேல் எந்தக் கோபமும் கிடையாது. கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் ஒருநாள்கூட முகம் கோணியதில்லை. அவர் ஊரான சிங்கவரத்துக்கு நான் போனால் கோழி அடிப்பார், ஃபேனை என் பக்கம் திருப்பி வைப்பார். ஆனால் யாராவது வந்து, "சின்ன மாப்ள இன்னா பண்றாரு?" என்று கேட்டால் மட்டும், "செஞ்சியில இருக்காரு" என்பார். செஞ்சியில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கோட்டையில் குரங்குகள்கூட இருக்கின்றன. கேட்டவர் விடாமல், "அங்க இன்னா வேலை?" என்றால், "வேலைன்னு இல்ல, போட்டோ புடிக்கறாரு" என்பார்.

பெரிய மாப்பிள்ளை பஸ் கண்டக்டர். அவர் அதே வீட்டில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினாலும், "டூட்டி முடிஞ்சி வந்து படுத்திருக்காரு, சத்தம் போடாதீங்க" என்று தெருவுக்கே சொல்வார். நான் முகூர்த்த நாட்களில் விடியும் முன்னே போய் நின்று, இடுப்பு கழன்று வீடு திரும்புகிறவன். சொந்தமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். இருந்தும் "வேலைன்னு இல்ல". அவர் வாயிலிருந்து ஒரே ஒரு தடவை வேலை என்று வரவழைத்துவிட வேண்டும் என்பது எனக்கு ஒரு வெறியாகவே ஆகிவிட்டிருந்தது.

போன ஆடியில் அதற்கு வழி பிறந்தது. ஆவணியில் புது டிராக்டர் எடுப்பதற்காக, பழைய சிவப்பு டிராக்டரை ஆடியிலேயே பேசி முடித்துவிட நினைத்தார். தன் போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார். படத்தில் அரை டிராக்டர், ஓரத்தில் அவருடைய கட்டைவிரல், பின்னால் எருமை. டிராக்டரை ஒருவரும் கேட்கவில்லை. எருமையை இரண்டு பேர் விசாரித்தார்கள்.

"நான் எடுத்துத் தரேன் மாமா" என்றேன். "பின்னால பச்சைத் துணி கட்டி எடுத்தா, அப்பறம் கம்ப்யூட்டர்ல அந்தப் பச்சைய எடுத்துட்டு எந்த எடத்த வேணா வெச்சிக்கலாம்."

"எந்த எடத்த வெப்பீங்க?"

"நம்ம கோட்டை மலைய."

அவர் மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். வாசலுக்கு நேர் எதிரே, மல்லாட்டைக் கொல்லைக்கு, அதாவது நிலக்கடலைக் காட்டுக்கு, அப்பால், கோட்டை மலை பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது.

"அதான் நிக்குதே மாப்ள. எதிர்ல இருக்கிற மலைய துணி போட்டு மறைச்சிட்டு, மறுபடி அதே மலைய கொண்டாந்து வெப்பீங்களா?"

"நடுவுல கரண்ட் கம்பி இருக்குது, குப்பைமேடு இருக்குது மாமா. அதெல்லாம் படத்துல வரக்கூடாது."

"குப்பைமேடு எனக்குத் தெரியுது. அது என்னுதுதான்."

இதற்கு மேல் பேசினால் வம்பு என்று கிளம்பிவிட்டேன். செஞ்சிக் கடைத்தெருவில் பதினாறு மீட்டர் பச்சைத் துணி வாங்கினேன். என் மனைவி அதை நான்காக மடித்து வெட்டி ஒன்றாகச் சேர்த்துத் தைத்துக் கொடுத்தாள். தைத்த நேரம் முழுக்க இதில் எத்தனை ரவிக்கை வரும் என்று கணக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். பந்தல்காரர் நான்கு சவுக்குக் கம்புகளைக் கொடுத்து அனுப்பினார். மறுநாள் வெயில் ஏறுவதற்குள் படமெடுக்க வேண்டுமென்று, விடிந்ததும் மாமனார் வாசலில் கம்புகளை நட்டேன்.

இங்கேதான் புத்தி கெட்டுப்போனது. ஆடியில் கல்யாணம் கிடையாது, காதுகுத்து கிடையாது, புதுமனை புகுவதும் கிடையாது. ஆடி மாதம் விடியற்காலையில் ஒரு வீட்டு வாசலில் பந்தல் கம்பு நின்றால், ஊருக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான்.

முதலில் எதிர்வீட்டு அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு வந்து, "எப்ப ஆச்சு?" என்று என்னைக் கேட்டார். நான் படமெடுக்கும் நேரத்தைக் கேட்கிறார் என்று நினைத்து, "இன்னும் ஆவல, எட்டு மணிக்குள்ள முடிச்சிடலாம்" என்றேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அரைமணி நேரத்தில் தெருவே கூடிவிட்டது. செஞ்சியிலிருந்து மாமனாரின் பங்காளி ஒருவர் பைக்கில் ரோஜா மாலையோடு வந்து இறங்கினார். வீட்டுக்குப் பின்னாலிருந்து மாமனார் டிராக்டரைத் துடைத்த ஈரத் துணியோடு அதை ஓட்டிக்கொண்டு வந்தார்.

"நல்லாத்தான் இருக்கறியா?" என்றார் பங்காளி. குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

"நான் இருக்கறேன். டிராக்டர்தான் போவுது" என்றார் மாமனார்.

பங்காளி மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் பைக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, வந்ததற்கு வேடிக்கையாவது பார்ப்போம் என்று நின்றுவிட்டார். வந்தவர் ஒருவரும் போகவில்லை.

நான் துணியை இழுத்துக் கட்டி, டிராக்டரை அதன் முன்னால் நிறுத்தச் சொன்னேன். அதன் மூக்கில் திருஷ்டிக்காக எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கரித்துண்டும் கோத்துக் கட்டியிருந்தது. "இத மட்டும் கழட்டிடலாமா மாமா?" என்றேன்.

"காலைல இருந்து ஊரே என்னைச் செத்துட்டான்னு வந்து பாக்குது. இப்ப போயி கழட்டச் சொல்றீங்க?" என்றவர், உள்ளே போய் இன்னும் ஏழு மிளகாயும் ஒரு கொத்து வேப்பிலையும் கொண்டுவந்து சேர்த்துக் கட்டினார். உயிரோடு இருக்கும்போதே மாலை வந்த மனிதரிடம் நான் என்ன வாதாடுவது? அப்படியே எடுத்தேன்.

கயிற்றுக் கட்டிலில் லேப்டாப்பை வைத்துத் திறந்தேன். கூட்டம் முதுகில் ஏறாத குறை. பச்சையை எடுக்கும் பொத்தானை அழுத்தி, மலையைக் கொண்டுவந்து வைத்தேன். சிவப்பு டிராக்டர் மலையடிவாரத்தில் ராஜா மாதிரி நின்றது. எல்லோரும் "ஆ" என்றார்கள். மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மொளகா எங்க?" என்றார்.

மிளகாய் இல்லை. வேப்பிலை இல்லை. பச்சை என்று இருந்த அத்தனையையும் கம்ப்யூட்டர் துணியோடு சேர்த்து எடுத்துவிட்டது. எலுமிச்சம்பழம் ஒன்று மட்டும் எதிலும் ஒட்டாமல் அந்தரத்தில் தொங்கியது, அதற்குக் கீழே கரித்துண்டு. துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கிய பானெட்டில் துணியின் பச்சை பிரதிபலித்த இடமெல்லாம் ஓட்டை.

"இஞ்சின் வழியா மலை தெரியுது மாப்ள."

"கண்ணு பட்டதுக்கு இதுக்கு மேல இன்னா சாட்சி வேணும்?" என்றார் மாலைக்காரர். மாமியார் கற்பூரம் எடுக்க உள்ளே ஓடினார். உட்கார்ந்து ஒவ்வொரு மிளகாயாகத் திருத்தினால் சரியாகிவிடும் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒன்பது வருடத்துக்கு ஒரு சந்தர்ப்பம், அதையும் ஏழு மிளகாய் தின்றுவிட்டது.

"மொளகாயைக் கழட்டிட்டு இன்னொரு தடவ எடுக்கறேன்" என்று வீம்பாக எழுந்து, தளர்ந்திருந்த துணியை இழுத்துக் கட்டப் போனேன். அப்போதுதான் ஆடிக் காற்று வந்தது. பதினாறு மீட்டர் துணி ஒரே மூச்சில் உப்பியது. மூன்று கம்புகள் சாய்ந்தன. நான்காவது கம்பை நான் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அது என்னையும் பிடுங்கிக்கொண்டு போனது. போய் விழுந்த இடம் குப்பைமேடு. துணி கழுத்துவரை சுற்றிக்கொண்டது. "மாமா!" என்று கத்தினேன். மாமனார் டிராக்டருக்கு அந்தப் பக்கம் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உதவிக்கு யாரையோ கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

அவர் படமெடுத்துக்கொண்டிருந்தார்.

அதைத்தான் வாட்ஸ்அப்பில் போட்டார். பத்தாவது நாள் பனமலையிலிருந்து ஒருவர் வண்டி பார்க்க வந்தார். நானும் அன்றைக்கு அங்கேதான் இருந்தேன். வந்தவர் டிராக்டரைச் சுற்றிப் பார்த்தார், டயரை உதைத்தார், ஸ்டார்ட் செய்து காது கொடுத்துக் கேட்டார். பிறகு தன் போனை எடுத்துப் படத்தையும் வண்டியையும் ஒப்பிட்டார். எட்டிப் பார்த்தேன். முழு டிராக்டர், மிளகாய் ஒவ்வொன்றும் பச்சைப்பசேலென்று, பின்னால் மலை தெளிவாக. ஓரத்தில் வழக்கமான கட்டைவிரல். குப்பைமேட்டில் கம்பைக் கட்டிக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு நான்.

"வண்டி படத்துல இருக்கிற மாதிரியே இருக்குது" என்றார் அவர். "பின்னால குப்பைமேட்டுல யாரு அது?"

நான் தரையைப் பார்த்தேன்.

"நம்ம சின்ன மாப்ள, போட்டோகிராபரு" என்றார் மாமனார். கொஞ்சம் நிறுத்தி, "வேலையா இருக்காரு" என்றார்.

கடைக்குப் போய் எல்லோருக்கும் டீ வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு நான் வெளியே வந்துவிட்டேன். உள்ளே மாமியார் ஏற்கெனவே டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.