மலைத்தொகுதியின் கடைசி வேட்பாளர்

வரைபடம் என்றாலே டிரைவருக்கு உடம்பெல்லாம் எரியும். எங்கோ ஒரு அறையில், மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, இந்தப் பக்கம் காலே வைக்காத எவனோ பேனாவால் கோடு இழுத்தான், மலைத்தொகுதி ஒழிந்தது. அவனை ஒரே ஒரு நாள் தன் ஜீப்பில் ஏற்றி, இந்தக் கல் பாதையில் குடல் குலுங்க மேலே கொண்டுபோக வேண்டும் என்று இன்றைக்கும் பல்லைக் கடிப்பார். அவருடைய அக்கா புருஷனின் பாதி ஆயுசு அந்தக் கோட்டோடு போய்விட்டது.

அந்த மாமாவுக்கு மலையடிவாரத்தில் பஞ்சர் கடை. ஊர் அவருக்கு வைத்த பெயர் ‘அடுத்தவாட்டி’. ஒவ்வொரு நாடாளுமன்றத் தேர்தலிலும் சுயேச்சையாக நிற்பார், மண்ணைக் கவ்வுவார். மறுநாள் டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டே, “அடுத்தவாட்டி பாரு” என்பார்.

தொகுதி பெரிசு, ஜனம் கம்மி. மேலே மரம் அறுக்கும் ஆலை ஓகோவென்று ஓடிய காலத்தில் பிறந்த தொகுதி அது. முதல் தேர்தலுக்கு வாக்குப்பெட்டிகள் கோவேறு கழுதைகளின் முதுகில் போனதாம். இன்னொரு தேர்தலில் மனுத்தாக்கலின் கடைசி நாளன்று வெள்ளம் பாலத்தை அடித்துக்கொண்டு போக, மற்ற வேட்பாளர்கள் அக்கரையிலேயே மாட்டிக்கொண்டார்கள். இக்கரையில் இருந்த மளிகைக்கடைக்காரர் போட்டியே இல்லாமல் உறுப்பினராகிவிட்டார். ஐந்து வருஷமும் மனுஷன் அவையில் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் ஆலை மூடியது. ஜனம் மூட்டை முடிச்சோடு இறங்கிப் போனது. ஜெயித்தவர்களும் தலைநகரத்தில் வீடு பார்த்துக்கொண்டார்கள். தோற்ற மாமாதான் ஞாயிறு தவறாமல் ஜீப்பில் மேலே போய், குழாயில் தண்ணீர் வராததையும் பள்ளிக்கூடக் கூரை ஒழுகுவதையும் கேட்டுவந்து, திங்கட்கிழமை அலுவலகப் படிகளில் ஏறி இறங்கினார்.

ஒரு தடவை தோற்றுவிட்டு வந்து வீட்டில் பஞ்சாயத்து வைத்தார்.

“நம்ம சாவடியில ஒரே ஒரு ஓட்டு. அதுவும் நான் போட்டது. உன் ஓட்டு எங்கடி?”

அக்கா அசரவில்லை. “நான் போடலைங்க. நீங்க ஜெயிச்சுப் போயிட்டா, நான் யாரோட சண்டை போடறது?”

மாமா டிரைவர் பக்கம் திரும்பினார். “நீ எங்கடா போன?”

“உங்களுக்கு ஓட்டுப் போடத்தான் மாமா, ஊரெல்லாம் ஆளுங்களை ஏத்திட்டு வந்தேன். எனக்குப் போட நேரம் எங்க?”

“ஏறினவங்களாவது போட்டாங்களா?”

“ஜீப்பு நல்லா இருக்குன்னாங்க.”

அக்கா சிரித்த சிரிப்பில் மாமாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அக்கா செத்துப்போன பிறகு வந்த தேர்தலில் மாமா இரண்டாவதாக வந்தார். மலை ஊர்கள் மொத்தமாக அவருக்குப் போட்டிருந்தன. அன்று அவர் “அடுத்தவாட்டி” என்றபோது ஊரில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த தேர்தலுக்குள் அறிவிப்பு வந்துவிட்டது: ஜனத்தொகை போதாது, தொகுதியைப் பக்கத்து மூன்று தொகுதிகளில் சேர்க்கப்போகிறார்கள். ஆட்சேபம் கேட்கும் கூட்டத்துக்கு மலைத்தொகுதியிலிருந்து போனது மாமாவும் டிரைவரும் மட்டும்.

“ஆளுங்க கொறைஞ்சுதான் போச்சுங்க, இல்லேங்கல” என்றார் மாமா. “இருக்கிற நாங்க ஒண்ணா இருந்தா ஒருத்தராவது வந்து கேப்பாரு. மூணாப் பிச்சுப் போட்டா, மூணு பேருக்குமே நாங்க கடைக்கோடிதானே?”

அதிகாரி தலையை ஆட்டினார், எழுதிக்கொண்டார், அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மூன்றில் எதில் வேண்டுமானாலும் நிற்கலாம் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். மாமா மசியவில்லை. “அங்க என்னை யாருக்குத் தெரியும்?” ஞாயிற்றுக்கிழமைச் சுற்றை மட்டும் விடவில்லை. பிள்ளைகுட்டி இல்லை, வீட்டில் வாய்விட்டுச் சண்டை போடவும் ஆள் இல்லை. மேலே யாரோ ஒருவர் தனக்காகக் காத்திருக்கிறார் என்கிற நினைப்பு ஒன்றுதான் அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பியது. அப்படிக் காத்திருந்தவர்களும் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வந்தார்கள். கடைசியில் ஆலையின் பழைய வாட்ச்மேன் மட்டும் மிஞ்சினார். ஒரு ஞாயிறு போனபோது அவர் வீட்டிலும் பூட்டு. மகள் வந்து கூட்டிப்போய்விட்டாளாம். மாமா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். படியில் உட்கார்ந்து ஃபிளாஸ்க்கில் இருந்த டீயைத் தனியாகக் குடித்தார்.

அடுத்த ஞாயிறும் டிரைவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். “வண்டியை எடு.”

“பூட்டின வீட்டுக்கா மாமா?”

“திரும்பி வந்திருந்தா?”

டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே வண்டியை எடுத்தார். அதற்கப்புறமும் எடுத்துக்கொண்டேதான் இருந்தார், மாமாவின் கால் வீங்கி ஆஸ்பத்திரியில் படுக்கும்வரை. அங்கே பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்கக் கும்பல் கும்பலாக வந்தார்கள். மாமாவுக்கு டிரைவர் மட்டும்தான்.

“இன்னைக்கு ஞாயித்துக்கிழமையாடா?”

“ஆமா மாமா.”

மாமா அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். “நீ மட்டும் ஒரு எட்டு மேல போயிட்டு வா.”

“அங்க யாரு மாமா இருக்கா?”

“யாருமில்லைன்னு எனக்குத் தெரியாதா? வாட்ச்மேன் வீட்டு வாசல்ல நின்னு, சத்தமா சொல்லிட்டு வா. அவருக்கு உடம்பு முடியல, இனிமே வரமாட்டாரு, யாரும் காத்துட்டிருக்க வேணாம்னு. நானும் சொல்லாம கொள்ளாம விட்டுட்டுப் போனேன்னு இருக்கக் கூடாதுடா.”