ஆசுவாசம் உண்டா?

கேரள எல்லையில், எங்கள் பாறசாலைப் பக்கத்தில் நிம்மதி என்பது பத்திரிகையில் வாசிக்கிற சொல். வாயில் புழங்குவது ஆசுவாசம். நெய்யாற்றின்கரை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் ஆசுவாசம், புழுக்கத்துக்குப் பின் ஒரு மழை பெய்தால் ஆசுவாசம். ஆனால் அந்தச் சொல் அதிகம் பாடுபடுவது நோயாளியின் கட்டிலருகேதான். ரொட்டியும் ஆரஞ்சுமாக வருகிறவர்கள் உட்காரும் முன்பே "ஆசுவாசம் உண்டா?" என்று கேட்பார்கள். "உண்டு" என்று சொல்லிவிட வேண்டும். இல்லை என்றால் வந்தவர்களின் முகம் வாடிப்போகும். நோயாளி அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். இதற்கு மரியாதை என்று பெயர். அந்த மரியாதையை நான் இன்றும் வெறுக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் நெய்யாற்றின்கரையில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அம்மாவும் நானும் மட்டும். அம்மாவுக்கு வயிற்றுவலி வந்தது, மாத்திரைக்கு அடங்கவில்லை. எங்கள் சபைப் பெண்கள் எட்டுப் பேர் அவளுக்காக மூன்று நாள் உபவாசம் இருந்து ஜெபித்தார்கள். வேஷமில்லை, பச்சைத் தண்ணீரோடு மெய்யாகவே கிடந்தார்கள். அதுதான் வினையாயிற்று. உபவாசம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, நோயாளியின் வீட்டிலிருந்து ஒருவர் சபையில் எழுந்து, ஜெபத்தால் சுகம் கிடைத்தது என்று சாட்சி சொல்வது வழக்கம்.

சனிக்கிழமை துணி துவைக்கும்போது அம்மாவின் தோர்த்துத் துண்டைப் பார்த்தேன். ஓரம் முழுக்கப் பல் தடம். வலி வரும்போது அதைக் கடித்துக்கொண்டு சத்தம் காட்டாமல் கிடந்திருக்கிறாள். அதைப் பார்த்த பிறகும் மறுநாள் எழுந்து நின்று, "அம்மைக்கு நல்ல ஆசுவாசம் உண்டு, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றேன். எங்கள் வீட்டில் விசுவாசம் குறைவு என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம். வெட்கங்கெட்ட பயம்.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, உபவாசத்தை முன்னின்று நடத்திய மாமியும் துணைக்கு வந்தார். டாக்டர் மலையாளத்தில், "ஆசுவாசமுண்டோ, அம்மச்சீ?" என்று கேட்டார். அம்மா மாமியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "உண்டு" என்றாள். டாக்டர் பழைய மாத்திரையையே எழுதினார். நான் சீட்டை வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன்.

வெளியே, மாமி சோடா வாங்கப் போன நேரத்தில் அம்மா பஸ் ஸ்டாப்பில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எதுக்கும்மா உண்டுண்ணு சொன்னே?"

"அவிய பக்கத்துல நிக்கும்போ இல்லேண்ணு எப்பிடி மக்கா சொல்லுவேன்? நீயும் சபையில சொல்லியாச்சே."

அவள் கோபத்தில் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அதற்குப் பின் வேறு டாக்டரிடம் போகலாம் என்று நான் கூப்பிடும்போதெல்லாம், "சபையில அறிஞ்சா என்ன நினைப்பாவ?" என்றாள். நானும் அதையே சாக்காக வைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்துத் திருவனந்தபுரத்தில் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே தைத்து மூடினார்கள். முன்பே கொண்டுவந்திருக்கலாமே என்றார்கள். கிறிஸ்துமஸுக்கு முன் அம்மா போய்விட்டாள்.

அடக்கம் முடிந்த மறுநாள் மாமி ரொட்டியும் ஆரஞ்சுமாக வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அவளுக்கு இனி ஆசுவாசம் ஆக்கும் மக்கா" என்றார். பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும் போலிருந்தது எனக்கு. அவர் கண்ணைத் துடைத்துவிட்டு, "உனக்குக் கொஞ்சம் ஆசுவாசம் உண்டா?" என்று கேட்டார்.

அவருக்குப் பின்னால் கொடியில் அந்தத் தோர்த்து கிடந்தது.

"உண்டு மாமி" என்றேன்.