சட்டியில் மிஞ்சிய சாக்லேட் சாஸ்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈப்போவில் என் வீட்டுச் சமையலறையில் நின்று சாக்லேட் சாஸ் கிளறிக்கொண்டிருந்தேன். எனக்குச் சர்க்கரை வியாதி. அதைச் செய்யலாம், தின்னக்கூடாது என்பது டாக்டரின் தீர்ப்பு. ருசி பார்ப்பது தின்பதில் சேருமா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மகளுக்குப் பிறந்தநாள். கேக்கைக் கடையில் வாங்கிவிட்டாள், சாஸை மட்டும் நான்தான் செய்ய வேண்டுமாம். நான் சமையலில் பெரிய ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். என் சாம்பாரை என் வீட்டுக்காரர் கல்யாணமான நாளிலிருந்து மௌனமாகச் சாப்பிட்டு வருகிறார். அந்த மௌனத்துக்கு நான் விளக்கம் கேட்டதில்லை. ஆனால் சாக்லேட் சாஸ் எனக்கு வரும். அதைக் கற்ற இடம் அப்படி.

கொக்கோத் தூளைச் சுடுதண்ணீரில் கட்டியில்லாமல் குழைத்து, சீனியும் பாலும் சேர்த்து, சின்ன நெருப்பில் கைவிடாமல் கிண்டி, கடைசியில் வெண்ணெயும் ஒரு சிட்டிகை உப்பும். கொக்கோ சூடேறும்போது முதலில் வருவது இனிப்பு வாசனை இல்லை. லேசாகக் கருகிய, மழை நின்ற மண் போன்ற ஒரு வாசனை. தேயிலைத் தொழிற்சாலையில் இலை காயும்போது வருமே, அதற்கு ஒன்றுவிட்ட தங்கை. அந்த வாசனைக்கு மனசு எங்கேயோ போய்விட்டது போலிருக்கிறது. சாஸைக் கிண்ணத்தில் ஊற்றினேன், சட்டியை வழித்தேன், வழித்ததைத் தரையில் இருந்த நாய்த் தட்டில் போடக் குனிந்தேன். மகள் புதிதாக வாங்கிய குட்டி நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது.

"அம்மா! என்னா செய்றீங்க? நாய்க்கு சாக்லேட் குடுக்கக் கூடாது லா! செத்துரும்!"

அவள் தட்டைப் பிடுங்கிய வேகத்தில் என் சேலையெல்லாம் சாக்லேட்.

"செத்துருமா? யாரு சொன்னா?"

"நாய் டாக்டர் சொன்னாரு. கொக்கோ அதுக்கு வெசம். அதுவும் சின்ன நாய்னா அவ்ளோதான். எல்லாருக்கும் தெரியும்மா இது."

எல்லாருக்கும் தெரியுமாம். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். அவளுக்கு நான் கேட்டது புரியவில்லை. கரண்டியோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கேக் வெட்டும்போது எல்லாரும் பாடினார்கள், நானும் வாயசைத்தேன். மனசுக்குள் ஒரே ஒரு வாக்கியம்தான் ஓடிக்கொண்டிருந்தது: அந்த நாயைக் கொன்றது சாஸ்.

எந்த நாய் என்று சொல்கிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் நான் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து பங்களாவில் மேசை வேலை பார்த்தேன். தட்டு வைப்பது, தட்டு எடுப்பது, இடையில் பொம்மை மாதிரி நிற்பது. கடைசியாகச் சொன்னதற்குத்தான் பழக்கம் தேவைப்பட்டது. அடுப்படி என் சின்னம்மா செல்லம்மாவுடையது. அம்மாவின் கடைசித் தங்கை, எனக்குச் சித்தி. வயது வித்தியாசம் கொஞ்சம்தான் என்பதால் என்னைத் திட்டுவதற்கு முழு உரிமையும், கூடச் சேர்ந்து சிரிப்பதற்குப் பாதி உரிமையும் எடுத்துக்கொண்டவள். சித்தப்பா மலைச் சரிவில் புல்லுக்கு மருந்தடிக்கும் ஆள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களும் வைத்துக்கொண்டார்கள்.

தோட்ட மானேஜர் துரையின் மனைவி துரையம்மா சாக்லேட் சாஸ் செய்யச் சொன்ன முதல் நாள் சித்தி அதை அதிரசப் பாகு போலக் காய்ச்சினாள். பாகு என்றால் அவளுக்குக் கம்பிப் பதம்தான். விரலில் தொட்டுப் பிரித்தால் கம்பி நிற்க வேண்டும். நின்றது. ஆனால் மலைக்குளிரில், ஐஸ்கிரீம் மேல் ஊற்றியதும் அது கல்லாகிவிட்டது. விருந்தாளி ஒருவர் கரண்டியால் தட்டிப் பார்த்தார். சத்தம் கேட்டது. நான் பொம்மை வேலையை மறந்து சிரித்துவிட்டேன். "பல்லக் காட்டாதடி, அடுத்த தடவ உன் தலையில ஊத்துறேன்" என்று அடுப்படியில் சித்தி சீறினாள். அடுத்த தடவையிலிருந்து கம்பி கிடையாது. கரண்டியின் முதுகில் விரலால் கோடு போட்டால் கோடு அழியாமல் நிற்க வேண்டும், அதுதான் பதம். இன்றைக்கும் எனக்கு அதுதான்.

அந்த பங்களாவில் ஒரு சட்டம் இருந்தது. அடுப்படியிலிருந்து எதுவும் லயத்துக்குப் போகக்கூடாது. லயம் என்றால் நாங்கள் இருந்த வரிசை வீடுகள். கெட்டுப்போகிற பழம் என்றாலும், ஆறிப்போன சோறு என்றாலும் அங்கே போகக்கூடாது. கொடுத்துப் பழக்கினால் கை நீளும் என்பது துரையம்மாவின் தத்துவம். கேட்டில் காவலுக்கு நின்ற ஜாகா எங்கள் கூடையைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் விடுவார். அவரும் எங்கள் ஆள்தான், வெட்கத்தோடு பார்ப்பார், ஆனாலும் பார்ப்பார். அப்படியானால் மிச்சம்? மிச்சமெல்லாம் டியூக்குக்கு. டியூக் என்பது குட்டைக்கால், நீள உடம்பு, பட்டுக் காது வைத்த ஒரு சின்ன நாய். நல்ல நாய், அதன் மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. எங்கள் லயத்துப் பிள்ளைகளை விட நன்றாகச் சாப்பிட்டது, அது அதன் குற்றமில்லை.

ஒரு நாள் பெரிய விருந்து. தாப்பா சாலையில் மண் சரிந்து பாதி விருந்தாளிகள் வந்து சேரவில்லை. வந்தவர்கள் புட்டிங்கைத் தின்று தீர்த்தார்கள். சாஸ் அரைச் சட்டிக்கு மேல் மிஞ்சியது. "எல்லாத்தையும் டியூக்குக்குப் போட்டுரு" என்றார் துரையம்மா. சித்தி அதைச் சோற்றில் ஊற்றி, தன் கையால் பிசைந்து வைத்தாள். தட்டு பளபளக்கும் வரை டியூக் நக்கியது. இரவெல்லாம் வாந்தி எடுத்தது, உடம்பு வெடவெடவென்று ஆடியது. விடிந்து, பனி விலகுவதற்குள் செத்துப்போனது.

மறுநாள் ஆபீசில் பெரிய கிராணி எங்களை நிற்க வைத்து விசாரித்தார். தோட்டக் கணக்கெல்லாம் அவர் கையில். சட்டையில் இரண்டு பேனா, ஒன்றில் மை இருக்காது.

"ராத்திரி நாய்க்கு என்ன போட்டே?"

"மிஞ்சுன சாஸுங்க. சோத்துல."

"துரை சாப்பிட்ட சாஸா?"

"அதேதாங்க."

"துரை சாப்பிட்டாரு, நல்லாருக்காரு. நாய் மட்டும் எப்படி சாகும்? அதுல என்ன கலந்தே? ஒம்புருசன் மருந்தடிக்கிறவன்தானே?"

இந்தக் கேள்வியை எத்தனையோ முறை மனசுக்குள் நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். எனக்கும் பதில் கிடைத்ததில்லை. சட்டியைத் தொட்டுத் தின்ற நாங்கள் எல்லாரும் உயிரோடிருக்கும்போது நாய் மட்டும் எப்படிச் சாகும்? அதனால் சாஸ் விடுதலையானது. சித்தி மாட்டிக்கொண்டாள்.

சாட்சியில்லை என்பதால் கோயிலில் சத்தியம் செய்யச் சொன்னார்கள். இது துரையின் யோசனை இல்லை, இவ்வளவு மட்டமான யோசனை அவருக்கு வராது. நம் ஆட்கள்தான் எடுத்துக் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம், தோட்டத்து மாரியம்மன் கோயில் முன்னால் லயமே திரண்டு நின்றது. திருவிழாவுக்குக் கூட அவ்வளவு பேர் நேரத்துக்கு வந்ததில்லை. தட்டில் சூடம் எரிந்தது.

"சாவுற மாதிரி எதையும் அந்த நாய்க்கு என் கையால போடல. போட்டிருந்தா இந்தக் கை வெளங்காம போவட்டும்."

சொல்லிவிட்டு வலது உள்ளங்கையால் சூடத்தை அடித்து அணைத்தாள். கை கொப்பளித்தது. நெருப்பைத் தொட்டால் கொப்பளிக்கும், இது அடுப்பு ஊதுகிற எல்லாப் பொம்பளைக்கும் தெரியும். ஆனால் முன்வரிசையில் நின்ற அஞ்சலை, கொழுந்து எடுக்கிறவள், எங்களுக்கு அடுத்த வீடு, கையை நீட்டிக் கத்தினாள்: "பாத்தீங்களா? கை வெந்துபோச்சு! ஆத்தா காட்டிக் குடுத்துட்டா!"

அவ்வளவுதான். சித்தப்பாவைக் கணக்கு முடித்து அனுப்பினார்கள். வேலை போனால் வீடும் போகும், அதுதான் தோட்டத்து வழக்கம். லோரியில் சாமான் ஏற்றும்போது பிள்ளைகள் "நாய்க்கொல்லி" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடின. எந்த வீட்டிலிருந்தும் ஒரு பெரியவர் வெளியே வந்து அவர்களை அதட்டவில்லை. துரையம்மா மேல் எனக்கு இருக்கும் கோபம் பழகிப்போன கோபம், மேலிருந்து விழுவது அப்படித்தான் விழும் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த மூடிய கதவுகள் மேல் இருப்பது வேறு. அது இன்னும் சூடாகவே இருக்கிறது. நான் அடுத்த வாரமே வேலையை விட்டேன். அதனால் யாருக்கும் எந்த நஷ்டமும் ஏற்படவில்லை. பொம்மைக்கு வேறு பொம்மை கிடைத்தது.

சித்தி ரிங்லெட்டில் காய்கறித் தோட்டங்களில் கோஸ் கூடை தூக்கி மகனைப் படிக்க வைத்தாள். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் வலது தோள் இறுகிப்போய், கை தலைக்கு மேல் போகாமல் நின்றது. கல்யாண வீடுகளில் பழைய லயத்து ஆட்கள் அந்தக் கையைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அதற்கப்புறம் அவள் கல்யாணங்களுக்குப் போவதில்லை.

இப்போது தெரிகிறதா, பிறந்தநாளன்று கரண்டியோடு நான் ஏன் உட்கார்ந்துவிட்டேன் என்று? மருந்து வைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் சத்தியத்தில் அவள் மருந்து என்று சொல்லவில்லையே. சாகிற மாதிரி எதையும் போடவில்லை என்றல்லவா சொன்னாள். போட்டிருக்கிறாள், தன் கையால், பிசைந்து. இதைச் சொன்னால் அவள் பெயர் சுத்தமாகுமா, அல்லது அந்தக் கையைப் பார்த்து ஆத்தா தண்டித்தது சரிதான் என்று அவளே நம்பிவிடுவாளா? இரண்டு வாரம் தூங்கவில்லை. மூன்றாவது வாரம் காரை எடுத்துக்கொண்டு ரிங்லெட் போனேன்.

சித்தி வாசலில் உட்கார்ந்து பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

"வாடி சக்கரைக்காரி. டீ போடச் சொல்றேன், சீனி கேக்காத."

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நார் உரித்துக்கொண்டே கேட்டாள். நான் முடித்ததும் பீன்ஸைத் தட்டில் வைத்தாள்.

"அப்ப நான் போட்டதுலதான் செத்துச்சு."

"ஆமா சித்தி. ஆனா…"

"ஆனா கீனா வேணாம். இரு."

வலது கையை மடியில் வைத்து இடது கையால் அமுக்கிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து தொலைத்தேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். பிறகு அவள் நிமிர்ந்தாள். முகம் சிவந்திருந்தது.

"இந்தக் கை கோஸ் கூடை தூக்கிப் போச்சு. சத்தியத்துல போவல. அத வுடு. ஏண்டி, அன்னிக்கு அந்த மிச்சத்த நம்ம லயத்துப் புள்ளைங்களுக்குக் குடுத்துருந்தா, அந்த நாயி பொழச்சிருக்கும்ல?"

இத்தனை வருடம் புத்தகம் படித்து, நாலு இடத்தில் எழுதி, கிழித்த எனக்கு அது தோன்றவேயில்லை.

"நம்ம கை நீளக்கூடாதுன்னு நாயக் கொன்னுட்டாங்க லா. பழி எனக்கு." தட்டைத் தள்ளி வைத்தாள். "அஞ்சல இருக்காளா?"

"பிரிஞ்சாங்ல பூக்கட வச்சிருக்காங்களாம்."

"போ. இன்னிக்கே போ. அவ மூஞ்சிக்கு நேரா சொல்லு. சொல்லிட்டு எனக்குப் போன் அடி."

போனேன். வழியில் எங்கள் தோட்டம். லயம் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். பங்களாவில் சுற்றுலாக்காரர்கள் தங்குகிறார்கள். துரை வேறு மாநிலத்துக்குப் போய் அங்கேயே காலமாகிவிட்டார், துரையம்மாவும் போய்விட்டார். பெரிய கிராணியும் இல்லை, ஜாகாவும் இல்லை. லயத்து ஆட்கள் கிள்ளான், ஜொகூர் என்று சிதறிவிட்டார்கள். திட்டுவதற்குக்கூட ஆள் தேட வேண்டிய காலம்.

அஞ்சலை அக்கா வெள்ளைச் சாமந்திப் பூவைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்து, சிரித்து, நாற்காலி போட்டார். உட்காரவில்லை. பங்களா நாய் செத்ததே, அதைக் கொன்றது மருந்தில்லை, துரையம்மா போடச் சொன்ன சாக்லேட், செல்லம்மா சித்தி ஒரு பாவமும் அறியாதவள் என்று நின்றபடியே சொன்னேன். பக்கத்துக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அஞ்சலை அக்கா பூவைச் சுற்றுவதை நிறுத்தி, உண்மையாகவே யோசித்தார். நடிக்கவில்லை. நடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

"எந்த நாயி பாப்பா?"

கோயிலைச் சொன்னேன். சூடத்தைச் சொன்னேன். அவர் கையை நீட்டிக் கத்தியதைச் சொன்னேன்.

"நானா? ஐயோ, அப்பிடியா சொன்னேன்? ஞாபகமே இல்ல லா. செல்லம்மா நல்லாருக்காளா? இந்தா, பூ கொண்டு போய்க் குடு. துட்டெல்லாம் வேணாம்."

பூவை வாங்காமல் நடந்தேன். லயம் போனதற்கு நான் அழுததில்லை, ஒழுகுகிற கூரை, போகட்டும். ஆனால் ஒரு பொம்பளையின் வாழ்க்கையை மலையிலிருந்து உருட்டிவிட்ட அந்த ஒரு சாயங்காலத்தை, உருட்டியவர்கள் வீட்டுக்குக்கூட எடுத்துக்கொண்டு போகவில்லை. கோயில் வாசலிலேயே உதறிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார்கள். அவள் ஒருத்திதான் அதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

காய்கறி லோரிகளுக்கு நடுவில் நின்று சித்திக்குப் போன் அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"சொல்லிட்டியா? என்னா சொன்னா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் பார்த்தேன். அழுதார்கள், மன்னிப்புக் கேட்டார்கள் என்று.

"எந்த நாயின்னு கேட்டாங்க சித்தி."

சித்தி, நான் அவள் வாயில் ஒருபோதும் கேட்டிராத ஒரு கெட்ட வார்த்தையைச் சொன்னாள். நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக. நானும் அதையே திருப்பிச் சொன்னேன், அவளைவிடச் சத்தமாக. மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றாள் சித்தி.