பூஜ்யம் வாங்கிய புத்தூர் அக்கா

இப்போது எனக்கு ஒரு நாளைக்கு ஒன்பது மாத்திரை. அவற்றில் ஏழு என்ன வேலை செய்கின்றன என்பது எழுதிக் கொடுத்த டாக்டருக்கே தெரியாது என்பது என் சந்தேகம். மஞ்சள் சத்து மாத்திரை ஒன்றை மட்டும் முணுமுணுக்காமல் விழுங்குகிறேன். அதன் அட்டையில், என் கண்ணாடிக்கும் அரைகுறையாகவே எட்டும் பொடி எழுத்தில், மிளகுச் சத்து சேர்ந்தது என்று போட்டிருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஸ்ரீரங்கத்து வீட்டில் நடந்த ஒரு திவசம் நினைவுக்கு வந்துவிடும்.

எனக்கு அப்போது எட்டு வயது. அப்பாவின் தங்கை, என் அத்தை, திருச்சியில் ஒரு கல்லூரியில் மருந்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மஞ்சளின் சத்தைப் பிரித்து மாத்திரையாக்கியிருந்தாள். வீக்கத்தை வற்ற வைக்கும் சத்து அது. ஆனால் விழுங்கினால் ரத்தத்தில் ஏறாமல், வந்த வழியைப் பார்த்துப் போய்விடும். ரத்தத்தில் ஏறாத மருந்து எதற்கு உதவும்?

சோதனைக்கு ஐந்து பேர்: பெரியப்பா, அப்பா, சித்தப்பா, அத்தை, அவளோடு ஆராய்ச்சி செய்த சிநேகிதி. சிநேகிதி புத்தூரில், மாதா கோயிலுக்குப் பின்தெருவில் இருந்தார். எங்களுக்கு அவர் புத்தூர் அக்கா. காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை விழுங்கிச் சிறிது நேரம் கழித்து அவரே ஊசி போட்டு ரத்தம் எடுப்பார். கல்லூரிக் கருவியில் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு முறையும் ஐந்து பேருக்கும் பூஜ்யம்.

“மஞ்சள் உடம்புல சேரும்னா நம்மாத்துப் பொம்மனாட்டிகள்லாம் இதுக்குள்ள மாம்பழமா பழுத்திருக்கணுமே” என்றார் பெரியப்பா.

அத்தை சிரிக்கவில்லை. இந்த முறையும் பூஜ்யமானால் மஞ்சளை விட்டுவிட்டு வேறு தலைப்பு பார்க்கும்படி பேராசிரியர் சொல்லியிருந்தார். அவளுடைய மூன்று வருட உழைப்பு.

அந்தக் கடைசிச் சோதனைக்குக் கருவி கிடைக்கும் நாளைக் கணக்கிட்டு அவள் தேதி குறித்துவிட்டாள். அன்றுதான் தாத்தாவின் திவசம் என்பதை மறந்துபோனாள். பெரியப்பா குதித்தார். பிறகு, திவசத்தன்று ஒருவேளைதான் சாப்பாடு என்றாலும் மருந்து ஆகாரத்தில் சேராது என்று அவரே ஒரு சாஸ்திரம் கண்டுபிடித்து, எல்லாம் முடிந்து சாப்பிட்ட பிறகு மாத்திரை விழுங்கி ஊசி போடலாம் என்று இறங்கிவந்தார்.

புத்தூர் அக்கா மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கினார். பெரியப்பாவுக்குச் சங்கடம்.

“திவசச் சாப்பாடு வெளி மனுஷாளுக்குப் போடற வழக்கமில்லேம்மா. தப்பா நினைச்சுக்காதே.”

“பரவாயில்லைங்க. நான் வீட்ல சாப்பிட்டுட்டுதான் வந்தேன்.”

ஐந்து பேரும் ஒரே நேரத்தில் மாத்திரை விழுங்கினார்கள். ஐந்து குப்பிகளில் ரத்தம் போயிற்று.

மறுநாள் சாயங்காலம் அத்தையும் புத்தூர் அக்காவும் ஓட்டமும் நடையுமாக வந்தார்கள். எங்கள் வீட்டார் நால்வரின் ரத்தத்திலும் மஞ்சள் ஏறியிருந்தது. புத்தூர் அக்காவுக்கு மட்டும் பூஜ்யம்.

“ஏன்னு சொல்லத் தெரியலேன்னா, கருவியில கோளாறுன்னு எங்க புரொபசர் எழுதிடுவார்” என்று அத்தை நகத்தைக் கடித்தாள். “ஒரே மாத்திரை. ஒரே நேரம். உனக்கு மட்டும் என்னடி ஆச்சு?”

“என்னைக் கேட்டா? உங்க வீட்லதான் எனக்குச் சோறு போடலையே! நான் பாட்டுக்கு எங்க வீட்ல மிளகாய் அரைச்ச குழம்பை ஊத்திச் சாப்பிட்டுட்டு வந்தேன்.”

அத்தை சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினாள்.

“என்ன குழம்பு?”

“மிளகாய்க் குழம்புடீ.”

“நாங்க நேத்து மிளகாயே தொடலை. திவசத் தளிகைல மிளகாய் கூடாது. குழம்பு, சாத்தமுதுங்கற ரசம், வடை, எல்லாத்துக்கும் மிளகுதான். மிளகுடீ!”

புத்தூர் அக்கா அத்தையின் தோளைப் பிடித்து உலுக்கினார். இருவரும் கூடத்தில் குதித்த குதியில் ஊஞ்சல் தானாக ஆடியது. அடுத்த வாரங்களில் மிளகோடும் மிளகில்லாமலும் மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். மிளகு சேர்ந்தபோதெல்லாம் மஞ்சள் ஏறியது, புத்தூர் அக்காவுக்கும்தான். பேராசிரியர் மஞ்சளையே தலைப்பாக வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

ஆனால் அதற்கெல்லாம் முன்பு, அந்தச் சாயங்காலமே, அம்மா திருக்கண்ணமுது செய்துவிட்டாள். முதல் கிண்ணம் பாயசத்தைப் பெரியப்பா தம் கையாலேயே புத்தூர் அக்காவுக்குக் கொடுத்தார். “நீயும் எங்காத்துல சாப்பிட்டிருந்தா, காரணமே தெரியாம எங்க தங்கை கெட்டிருப்பா” என்றார். எல்லோரும் புத்தூர் அக்காவையே கொண்டாடினார்கள். பூஜ்யம் வாங்கியவரை இப்படிக் கேலி செய்கிறார்களே என்று எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் போய் ரகசியமாகச் சொன்னேன்:

“கவலைப்படாதீங்கோ. அடுத்த திவசத்துக்கு உங்களுக்கும் ஒரு இலை போடச் சொல்றேன்.”

அவருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அத்தை என்னைத் தூக்கிச் சுற்றினாள். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. கீழே இறக்கிவிட்டதும், சிலேட்டை எடுத்து, அத்தை கொண்டுவந்த தாளைப் பார்த்து எங்கள் வீட்டார் நால்வரின் எண்களையும், பள்ளிக்கூட மார்க்குபோல, கூட்டி நாலால் வகுத்தேன். புத்தூர் அக்காவின் பூஜ்யத்தை மட்டும் சேர்க்காமல் விட்டுவிட்டேன். நாலு பேர் பார்த்தால் அவருக்கு அவமானமாக இருக்குமே என்று.