விசில் நின்ற மூக்கு

உள்ளறையிலிருந்து விசில் சத்தம் கேட்டது. மெல்லிய, ஒற்றை இழைச் சத்தம். நின்றது. மறுபடி வந்தது.

முன்னறையில் நாற்காலியில் சாய்ந்திருந்த ஜெபசீலன் ஜன்னலைப் பார்த்தார். ஆரல்வாய்மொழியில் காற்றுக் காலத்தில் ஜன்னல் இடுக்கு இப்படித்தான் ஊதும். ஆனால் இன்று காற்றில்லை. எதிரே மூன்று காற்றாலைகளும் அசையாமல் நின்றன. உள்ளே, ஆலையிலிருந்து லீவில் வந்திருந்த மருமகன் டெனிஷ் மதியத் தூக்கத்தில் இருந்தான். அவன் மூச்சின் தாளத்தில்தான் விசில் வந்துகொண்டிருந்தது.

ஒன்பது வருஷம் அவர் மூக்கில் குடியிருந்த சத்தமல்லவா அது!

வடக்கே ஒரு குரோமியம் ஆலையில் இருபத்திரண்டு வருஷம் உழைத்தவர் அவர். கரிய தாதுவை அரைத்து, சோடா சேர்த்துச் சூளையில் வறுத்தால் மஞ்சளாகும். அதைக் கரைத்து, வடித்து, இன்னும் சில பக்குவம் செய்தால் பச்சைப் பொடி. அதில் கொஞ்சம் பெயிண்டுக்குப் போகும். மிச்சத்தை அலுமினியப் பொடியோடு கலந்து பெரிய கலத்தில் தீ வைப்பார்கள். கண் கூசும் வெளிச்சத்தோடு கொதித்து அடங்கும். ஆறியபின் கசடைத் தட்டினால் அடியில் வெள்ளிபோல் உலோகக் கட்டி. விமான எஞ்சினுக்குப் போகிறது என்பார்கள். அந்தக் கட்டியை அவர் தொட்டுப் பார்த்தது இரண்டே முறை. அவர் வேலை மஞ்சளில். மஞ்சள் தூசி மூக்கின் நடுச்சுவரை அரித்து ஓட்டை போடும். ஓட்டை விழுந்தவன் மூச்சு விசிலடிக்கும். அங்கே அவர்களுக்குக் குயில் கூட்டம் என்று பெயர். மாஸ்க் மூச்சு முட்டுகிறது என்று கழற்றிவிட்டு மூக்கில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார்கள். ஊரிலிருந்து வரும் ஒவ்வொருவனுக்கும் அந்த வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தவர் ஜெபசீலன்தான்.

ஒருநாள் அவர் விசில் தானாக நின்றது. மனைவி எலிசா முழங்காலில் விழுந்து அழுதாள். சபையில் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்தார்கள். கர்த்தர் சுகம் தந்தார் என்று அவரும் எழுந்து சாட்சி சொன்னார். ஆறு மாதம் கழித்து நாகர்கோவிலில் ஒரு டாக்டர் மூக்குக்குள் வெளிச்சம் காட்டிப் பார்த்தார். ஓட்டை ஆறவில்லை, பெரிதாகிவிட்டது, சின்ன ஓட்டைதான் ஊதும் என்றார். சபை நடுவே சொன்னதை எந்த முகத்தோடு மாற்றுவது? விழுங்கிக்கொண்டார். பச்சைப் பகுதியில் போடுவார்கள் என்று நம்பி டெனிஷையும் அங்கேயே சேர்த்துவிட்டார். போட்டதோ மஞ்சளில்.

வாசலில் பைக் நின்றது. ஆலைக்கு ஆள் கூட்டிப்போகும் இஸ்ரவேல், நாளைய ரயில் டிக்கெட்டோடு வந்திருந்தான். எலிசா தேநீர் கொடுத்தாள். டெனிஷ் முகம் கழுவி வந்து உட்கார்ந்தான். மூச்சோடு விசிலும் வந்தது.

"என்ன மக்கா, மாமனார் சொத்து கைக்கு வந்தாச்சு போல" என்றான் இஸ்ரவேல்.

டெனிஷும் சிரித்தான். "மாமாவுக்கு ஜெபத்துல நின்னுதுல்லா. எனக்கும் நிக்கும்."

உள்வாசலில் ஏழு மாத வயிற்றோடு நின்ற ஜினிஷா, ஆமென் என்பதுபோல் கண்மூடித் திறந்தாள். ஜெபசீலன் மகள் முகத்தைப் பார்த்தார். இவனை உலோகப் பகுதிக்கு மாற்ற முடியுமா என்று இஸ்ரவேலிடம் கேட்டார். மஞ்சளுக்குத்தான் ஆள் தட்டுப்பாடு என்று அவன் கை விரித்தான்.

ஜெபசீலன் எழுந்து அலமாரியிலிருந்து டார்ச்சை எடுத்து மருமகன் கையில் கொடுத்தார். தலையைப் பின்னால் சாய்த்தார்.

"இந்தப் பக்கம் அடி, மக்கா. அந்தப் பக்கம் பாரு."

டெனிஷ் அடித்தான். ஒரு துவாரத்தில் விழுந்த வெளிச்சம் மறு துவாரத்தில் சிவப்பாக எரிந்தது. நடுவே தடுக்க ஒன்றுமில்லை.

"எனக்கு ஆறல்ல. ஊதுறதுக்கு அங்க சுவரே இல்ல."

எலிசாவும் குனிந்து பார்த்தாள். "அப்போ கோயில்ல சொன்னது?"

"தெரியாமச் சொன்னேன். தெரிஞ்ச பிறகு சொல்லாம இருந்தேன்."

பால் அடுப்பில் தீயும் நாற்றம் எல்லோருக்கும் எட்டியது, அவரைத் தவிர. ஜினிஷா சுவரைப் பிடித்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

இஸ்ரவேல் தம்ளரைக் கீழே வைத்தான். "ஏலே, வாறியா இல்லியா?"

டெனிஷ் டார்ச்சை அணைத்தான். "வரல்ல, அண்ணே."

இஸ்ரவேல் கோபப்படவில்லை. அவனுக்கும் அலுப்பு. பூதப்பாண்டியில் ஒருத்தன் வேலை கேட்டுக்கொண்டே இருக்கிறான், அவனைப் பார்க்கிறேன் என்று செருப்பை மாட்டினான். ஜெபசீலன் வாசல்வரை வந்தார்.

"போறவன்கிட்ட எண்ணெய் காக்காதுன்னு சொல்லு, இஸ்ரவேல். நான் சொன்னேன்னு சொல்லு."

அவன் தலையை மட்டும் ஆட்டினான். பைக் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது. டெனிஷ் வந்து, மாமனாரின் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிக் கதவைச் சாத்தினான்.